‘== ட்ரூ’ ஒப்பீடுகளுக்கு லின்டர் வைப்பது எப்படி: வரிசை குலையாமல் ஒரு முழு வழிகாட்டி

`இஃப் பயனர்.செயலில் == ட்ரூ:` என்று ஒரு வரி இருந்தால் லின்டர் (நிரலை ஓட்டாமலே படித்து நடைக் குறைகளைச் சுட்டும் கருவி) குறை சொல்லும். `இஃப் பயனர்.செயலில்:` போதுமே என்பது அதன் கட்சி. இந்த விதியை இயக்க ஒரு வரிக் கட்டமைப்பு போதும். சிக்கல் அடுத்த நிமிடத்தில் தொடங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் விதியை இயக்கிய கையோடு தானியங்கித் திருத்தத்தையும் ஓடவிடுகிறார்கள். நடை மட்டும் மாறியதாக நினைத்த அந்த கமிட்டுக்குப் பிறகு, நேற்றுவரை நூறு வரிசை தந்த டேட்டாபேஸ் வினவல் ஒன்றுமே தராமல் திரும்புகிறது. பிழைச் செய்தியும் வருவதில்லை.

எனவே வேலைகளின் வரிசையைக் காப்பாற்றுவதுதான் இதில் பாதி வேலை: முதலில் எண்ண வேண்டும், பிறகு பிரிக்க வேண்டும், ஆபத்தானவற்றைக் கையால் மாற்ற வேண்டும், மிச்சத்தைக் கருவியிடம் விட வேண்டும், கடைசியாகத்தான் சிஐ-யில் (புதிய கமிட் வரும்போது சோதனைகளைத் தானாக ஓட்டும் அமைப்பு) தடை போட வேண்டும். பைத்தானை வைத்து விரிவாகச் சொல்கிறேன். மற்ற மொழிகள் பின்னால் சுருக்கமாக வரும். நிரல்வரிகளையும் கட்டளைகளையும் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்தே தந்திருக்கிறேன்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கிட்டில் கமிட் ஆகாத மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. லின்டர் தொட்ட வரிகளும் நீங்கள் தொட்ட வரிகளும் ஒரே டிஃபில் (மாறிய வரிகளைக் காட்டும் பட்டியல்) கலந்துவிட்டால், எதைத் திருப்பிப் போடுவது என்று பிறகு தெரியாது.

டெஸ்ட்கள் வேண்டும். அதிலும் டேட்டாபேஸைத் தொடும் வினவல்களுக்கு உண்மையாகவே வினவலை ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட்கள் வேண்டும், எஸ்கியூலைட் போதும். மாக் பொருள்களை (நிஜத்துக்குப் பதிலாக நிற்கும் போலிகளை) வைத்து எழுதியவை இங்கே காப்பாற்றாது. மாக் செய்த ஃபில்டர் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.

லின்டரின் பதிப்பு எண்ணை நிலையாகக் குறித்து வையுங்கள். ஒரே விதிக்குத் திருத்தமாக என்ன எழுதப்படும் என்பது லின்டருக்கு லின்டர், சில சமயம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். உங்கள் கணினியில் ஒன்று, சிஐ-யில் ஒன்று என்று இருந்தால் வீண் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

கடைசியாக, `==` குறிக்குத் தனக்கென்று வேறு பொருள் வைத்திருக்கும் நூலகங்கள் உங்கள் நிரலில் எவை என்று பட்டியல் போடுங்கள். எஸ்கியூஎல்-ஆல்கமி, பீவீ, பாண்டாஸ், நம்பை, போலார்ஸ், பைஸ்பார்க் ஆகியவை வழக்கமானவை. இம்போர்ட் வரிகளைத் தேடினால் ஐந்து நிமிட வேலை. பின்னால் வரும் பிரிப்பு முழுக்க இந்தப் பட்டியலை நம்பி நிற்கிறது.

## 2. எந்த வடிவத்தைப் பிடிப்பது என்று முதலிலேயே முடிவெடுங்கள்

“பூலியன் நடை” (பூலியன் என்பது ட்ரூ, ஃபால்ஸ் என்று இரண்டே மதிப்புள்ள வகை) என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே பல விதிகள் இருக்கின்றன:

- `== ட்ரூ`, `!= ஃபால்ஸ்` போன்ற நேர் ஒப்பீடு. பைகோட்ஸ்டைல் என்ற லின்டரில் இது ஈ712. ஃப்ளேக்8, ரஃப் என்ற லின்டர்கள் இரண்டிலும் அதே எண்தான்.
- `இஃப் நிபந்தனை: ரிட்டர்ன் ட்ரூ`, இல்லாவிட்டால் `ரிட்டர்ன் ஃபால்ஸ்` என்று நீட்டி எழுதுவது. ரஃபில் எஸ்ஐஎம்103.
- `ட்ரூ இஃப் நிபந்தனை எல்ஸ் ஃபால்ஸ்`. ரஃபில் எஸ்ஐஎம்210.
- `நாட் அ == ஆ` என்று எழுதி `!=` குறியைத் தவிர்ப்பது. ரஃபில் எஸ்ஐஎம்201.

முதல் சுற்றில் ஈ712 ஒன்றை மட்டும் எடுங்கள். நான்கையும் சேர்த்து இயக்கினால் ஒரே செயற்கூறில் மூன்று திருத்தங்கள் அடுத்தடுத்து விழும். டெஸ்ட் உடைந்தால் எந்த விதி உடைத்தது என்று கண்டுபிடிப்பதற்கே பொழுது போய்விடும்.

பைலின்ட் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே சி0121 என்ற ஒரே விதி ட்ரூ, ஃபால்ஸ், நன் (‘மதிப்பே இல்லை’ என்பதைக் குறிப்பது) மூன்றுடனும் செய்யும் ஒப்பீடுகளைப் பிடிக்கிறது. நன் ஒப்பீடு தனிப் பிரச்சினை. பைகோட்ஸ்டைல் அதை ஈ711 என்று பிரித்து வைத்திருப்பது வசதி. முடிந்தால் இந்த வேலைக்கு மட்டுமாவது ரஃப் அல்லது ஃப்ளேக்8 எடுத்துக்கொள்ளுங்கள்.

## 3. மூன்று எழுத்துமுறைகளும் ஒன்றல்ல

வழிகாட்டியில் அவசரமாகத் தாண்டக் கூடாத பகுதி இது. பைத்தானில் `எக்ஸ்`, `எக்ஸ் == ட்ரூ`, `எக்ஸ் இஸ் ட்ரூ` மூன்றும் மூன்று கேள்விகள். முதலாவது, மதிப்பு வெறுமையற்றதா என்று கேட்கிறது. இரண்டாவது, ட்ரூவுக்குச் சமமா என்று கேட்கிறது. மூன்றாவது, அந்த ஒரே ட்ரூ பொருள்தானா என்று கேட்கிறது.

எக்ஸ் உண்மையிலேயே பூலியனாக இருந்தால் மூன்றுக்கும் ஒரே விடை. இல்லாவிட்டால்:

- எக்ஸ் 1 என்றால்: முதல் இரண்டும் ஆம், மூன்றாவது இல்லை. பைத்தானில் பூலியன் என்பது முழு எண்ணின் துணை வகை. ட்ரூ 1-க்குச் சமம்.
- எக்ஸ் 2 என்றால்: முதலாவது ஆம், மற்ற இரண்டும் இல்லை.
- எக்ஸ் நன் என்றால்: `எக்ஸ் == ஃபால்ஸ்` இல்லை; ஆனால் `நாட் எக்ஸ்` ஆம்.
- எக்ஸ் ‘ஃபால்ஸ்’ என்ற சரம் என்றால்: முதலாவது ஆம், ஏனென்றால் அது வெற்றுச் சரமில்லை. மற்ற இரண்டும் இல்லை.

கடைசி வகைதான் மிக மோசம். சூழல் மாறிகளிலிருந்து வாசிக்கும் மதிப்பு எப்போதும் சரமாகத்தான் வரும். `சூழல்['டீபக்'] == ட்ரூ` என்று யாரோ எழுதி வைத்திருந்தால் அந்தக் கிளை இதுநாள்வரை ஒருமுறைகூட ஓடியிருக்காது. லின்டர் சொல்வதைக் கேட்டு `இஃப் சூழல்['டீபக்']:` என்று மாற்றினால், மதிப்பு ‘ஃபால்ஸ்’ என்றே இருந்தாலும் அந்தக் கிளை ஓடத் தொடங்கும். செத்துக் கிடந்த நிரலை நடைத் திருத்தம் உயிர்ப்பித்துவிடுகிறது. பழைய வரியில் பிழை இருந்தது உண்மைதான். ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் சரத்தைப் பூலியனாக மாற்றும் இடம், ஒப்பீட்டு வரி அல்ல.

சங்கிலி ஒப்பீடும் ஒரு பொறி. `எக்ஸ் இன் பட்டியல் == ட்ரூ` என்பதைப் பைத்தான் `(எக்ஸ் இன் பட்டியல்) அண்ட் (பட்டியல் == ட்ரூ)` என்று வாசிக்கிறது. பட்டியல் ட்ரூவுக்குச் சமமாகாது. எனவே விடை எப்போதும் ஃபால்ஸ். `== ட்ரூ`வை நீக்கினால் நிரல் முதன்முறையாகச் சரியாக வேலை செய்யும். நல்லதுதான், ஆனால் நடத்தை மாறுகிறது. இதை நடைத் திருத்தம் என்ற பெயரில் கமிட் செய்யாதீர்கள். பிழைத் திருத்தம் என்றே எழுதுங்கள்.

இன்னொன்று, ஒப்பீடு எந்த இடத்தில் இருக்கிறது என்பது. `இஃப்`, `வைல்` நிபந்தனைக்குள் இருந்தால் உண்மையா பொய்யா என்பது மட்டும்தான் கணக்கு. `ரிட்டர்ன் எக்ஸ் == ட்ரூ` என்று மதிப்பாகவே வெளியே போனால் கதை வேறு. முன்பு பூலியன் போனது. திருத்திய பிறகு எக்ஸ் என்னவோ அதுவே போகும். அது ஜேசானுக்குள் போனால் பூலியன் இருந்த இடத்தில் ஒரு பெயரோ பட்டியலோ உட்கார்ந்திருக்கும். அங்கே எக்ஸ் பூலியன் என்று உறுதி இல்லாவிட்டால் `பூல்(எக்ஸ்)` என்று எழுதுங்கள்.

## 4. எண்ணுங்கள், திருத்தாதீர்கள்

இப்போதுதான் கருவியை ஓட்டுகிறோம், அதுவும் அறிக்கைக்கு மட்டும்:

`ரஃப் செக் --செலக்ட் ஈ712 --ஸ்டாட்டிஸ்டிக்ஸ்`

முதலில் மொத்த எண்ணிக்கை வரட்டும். பத்துக்குள் இருந்தால் இந்த வழிகாட்டியின் பாதி உங்களுக்குத் தேவையில்லை. எல்லாவற்றையும் கையாலேயே பார்த்துவிடலாம். நூற்றைத் தாண்டினால் கோப்புவாரியாக அறிக்கை எடுத்து நான்கு குவியல்களாகப் பிரியுங்கள்:

1. `==` குறிக்கு நூலகம் வேறு பொருள் தரும் இடங்கள்.
2. மதிப்பு நன், எண், சரம் என்று வேறாகவும் வரக்கூடிய இடங்கள்.
3. டெஸ்ட் கோப்புகள்.
4. இடப்பக்கம் உறுதியாகப் பூலியன்தான் என்ற இடங்கள்.

பிரிக்கும் வேலையை லின்டர் செய்யாது. ஈ712 எழுத்து வடிவத்தைப் பார்த்துச் சொல்கிற விதி. இடப்பக்கத்தில் இருப்பது டேட்டாபேஸ் நெடுவரிசையா சாதாரண மாறியா என்று அதற்குத் தெரியாது. டைப் குறிப்புகள் எழுதியிருந்தால் எடிட்டரில் மாறியின்மேல் சுட்டியை வைத்தாலே வகை தெரியும். எழுதாத பழைய நிரலில், அந்த மதிப்பு பிறக்கும் இடம்வரை போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சந்தேகம் வந்தால் இரண்டாம் குவியலில் போடுங்கள். நான்காம் குவியலில் தவறாக விழுந்த ஒரு வரி, இரண்டாம் குவியலில் வீணாகக் கிடக்கும் பத்து வரிகளைவிட அதிகம் நோகடிக்கும்.

## 5. முதல் குவியல்: நூலகம் பொருள் மாற்றிய இடங்கள்

எஸ்கியூஎல்-ஆல்கமியில் `ஃபில்டர்(பயனர்.செயலில் == ட்ரூ)` என்பது ஒப்பீடே இல்லை; வினவலின் ஒரு துண்டைக் கட்டித்தரும் வெளிப்பாடு. அதை `பயனர்.செயலில் இஸ் ட்ரூ` என்று மாற்றினால், வினவல் போகும் முன்பே பைத்தான் அதை மதிப்பிட்டு ஃபால்ஸ் என்று முடித்துவிடும். நெடுவரிசைப் பொருள் ட்ரூ என்ற பொருள் இல்லைதானே. ஃபில்டருக்கு ஃபால்ஸ் போகிறது, விடையாக வெற்றுப் பட்டியல் வருகிறது. முகப்பில் சொன்ன விபத்து இதுதான்.

`நாட் பயனர்.செயலில்` என்றும் மாற்றக் கூடாது. பைத்தானின் `நாட்` வினவலின் துண்டாக மாறாது.

சரியான மாற்று: `== ட்ரூ` இருந்த இடத்தில் நெடுவரிசையை அப்படியே கொடுக்கலாம், `ஃபில்டர்(பயனர்.செயலில்)`. எதிர்மறைக்கு `~பயனர்.செயலில்`. ஒப்பீடு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் நூலகமே தரும் `ட்ரூ()` செயற்கூறை இம்போர்ட் செய்து `பயனர்.செயலில் == ட்ரூ()` என்று எழுதுங்கள். அது செயற்கூறு அழைப்பு என்பதால் லின்டரும் பேசாமல் இருக்கும். `.இஸ்_(ட்ரூ)` என்ற வழியைப் பல இடங்களில் பரிந்துரைப்பார்கள். எஸ்கியூஎல் சர்வரில் `இஸ் 1` என்ற தொடரியல் செல்லாது என்பதால் அங்கே அது கைகொடுக்காது.

ஜாங்கோவில் `ஃபில்டர்(செயலில்=ட்ரூ)` என்பது பெயரிட்ட அளவுரு; அதில் `==` இல்லை, விதியும் தொடாது.

பாண்டாஸில் நெடுவரிசையின் வகையைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். `டிஎஃப்[டிஎஃப்['செயலில்'] == ட்ரூ]` என்பதை `டிஎஃப்[டிஎஃப்['செயலில்']]` என்று சுருக்குவது, நெடுவரிசை சுத்தமான `பூல்` வகையாக இருந்தால் சரி. இடையில் காலி மதிப்புகள் கலந்து `ஆப்ஜெக்ட்` வகையாகக் கிடந்தால் வேல்யூ-எரர் வரும். எதிர்மறையில் இன்னும் விபரீதம்: ட்ரூ, ஃபால்ஸ் மட்டுமே இருந்தும் `ஆப்ஜெக்ட்` வகையாகக் கிடக்கும் நெடுவரிசைமீது `~` போட்டால் ஒவ்வொரு மதிப்பும் முழு எண்ணாகத் தலைகீழாகும், ட்ரூ -2 ஆகும், ஃபால்ஸ் -1 ஆகும். பூஜ்யம் எங்கும் இல்லை, எல்லாமே உண்மை.

ஆகவே பாண்டாஸுக்கு நான் சொல்வது `.ஈக்யூ(ட்ரூ)`, `.ஈக்யூ(ஃபால்ஸ்)`. பொருள் பழைய `==` போலவே இருக்கும், காலி மதிப்புகள் முன்புபோலவே ஒதுங்கும், லின்டரும் விட்டுவிடும். அழகு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

## 6. இரண்டாம் குவியல்: மூன்று நிலை உள்ள மதிப்புகள்

“சம்மதம்” என்று ஒரு புலம் இருக்கிறது. ஆம், இல்லை, இன்னும் கேட்கவே இல்லை என்று மூன்று நிலை. `இஃப் சம்மதம் == ஃபால்ஸ்:` என்று எழுதியவர் ‘மறுத்தவர்கள்’ என்று நினைத்து எழுதியிருக்கிறார். `இஃப் நாட் சம்மதம்:` என்று மாற்றினால் கேட்கப்படாதவர்களும் மறுத்தவர்கள் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள்.

இங்கே `இஸ் ஃபால்ஸ்` என்று எழுதுங்கள். பைத்தானின் நடைக் கையேடான பெப் 8, `இஸ் ட்ரூ` என்று எழுதுவது `== ட்ரூ`வைவிட மோசம் என்கிறது; பைகோட்ஸ்டைலின் ஈ712 செய்தியோ அதையும் ஒரு மாற்றாகப் பரிந்துரைக்கிறது. கேட்பவர் குழம்பத்தான் செய்வார். இரண்டு நிலை மட்டும் உள்ள இடத்தில் பெப் 8 சொல்வதைக் கேளுங்கள். மூன்று நிலை உள்ள இடத்தில் `இஸ்` என்பதுதான் நேர்மையான எழுத்து என்பது என் கருத்து. படிப்பவருக்கும் “இங்கே நன் வரும், கவனம்” என்று அது சொல்லிவிடுகிறது.

ஆனால் மதிப்பு நம்பையிலிருந்து வருகிறதென்றால் `இஸ்` கூடாது. நம்பையின் ட்ரூ வேறு பொருள். அதை `இஸ் ட்ரூ` என்று கேட்டால் ஃபால்ஸ்தான் விடை. முதலில் `பூல்()` கொண்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மதிப்பு சரமாகவோ எண்ணாகவோ வந்தால் ஒப்பீட்டு வரியைத் தொடாமல், மதிப்பு உள்ளே நுழையும் இடத்துக்குப் போய் அங்கேயே பூலியனாக்குங்கள். அதன்பின் அந்த வரி தானாக நான்காம் குவியலுக்கு வந்துவிடும்.

## 7. மூன்றாம் குவியல்: டெஸ்ட் கோப்புகள்

பலரும் டெஸ்ட் கோப்புகளை முதலில் திருத்துகிறார்கள், “அதில் என்ன ஆபத்து” என்று. உண்மையில் அவற்றை நிரலோடு ஒரே கமிட்டில் திருத்துவதுதான் ஆபத்து. நிரலை மாற்றும்போது காவல் நிற்பவை டெஸ்ட்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் காவல் யாருக்கு?

`அஸர்ட் விடை == ட்ரூ` என்பதை `அஸர்ட் விடை` என்றாக்கினால் டெஸ்ட் தளர்கிறது. செயற்கூறு தவறுதலாக ஒரு பட்டியலைத் திருப்பினாலும், அது காலியாக இல்லாதவரை டெஸ்ட் தேறிவிடும். செயற்கூறு பூலியன் தர வேண்டும் என்பது ஒப்பந்தம் என்றால் `அஸர்ட் விடை இஸ் ட்ரூ` என்று இறுக்குங்கள். அப்போது சில டெஸ்ட்கள் விழலாம். விழுந்தால் அந்தச் செயற்கூறு இதுவரை பூலியன் தரவில்லை என்று பொருள். அதைத் தெரிந்துகொள்வது நல்லதுதான்.

நான்காம் குவியல் முடியும்வரை டெஸ்ட் கோப்புறையை விதியிலிருந்து விலக்கி வையுங்கள்.

## 8. நான்காம் குவியலைக் கருவியிடம் விடுங்கள்

ரஃப், ஈ712-க்கான திருத்தத்தைப் பாதுகாப்பற்றது என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறது. `--ஃபிக்ஸ்` என்று மட்டும் கொடுத்தால் அது கை வைக்காது. `--அன்சேஃப்-ஃபிக்சஸ்` என்றும் சேர்க்க வேண்டும். புதியவர்கள் இதை ஒரு தொல்லையாகப் பார்த்து அந்தக் கொடியைக் கட்டமைப்புக் கோப்பிலேயே நிரந்தரமாகப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மற்ற எல்லா விதிகளின் பாதுகாப்பற்ற திருத்தங்களும் சேர்ந்து ஓடும். கட்டளை வரியில் மட்டும், ஈ712-க்கு மட்டும், கொடுங்கள்.

கோப்பை எழுதும் முன் `--டிஃப்` கொடுத்துப் பாருங்கள். என்ன மாறப்போகிறது என்று காட்டும், கோப்பைத் தொடாது. அதில் `இஸ் ட்ரூ` என்று வருகிறதா வெறும் மாறிப் பெயர் வருகிறதா என்று கவனியுங்கள். திருத்தம் எப்படி வருகிறது என்று தெரியாமல் ஓட்டக் கூடாது.

கோப்புறை கோப்புறையாக ஓட்டுங்கள். ஓட்டியதும் டெஸ்ட், பிறகு கமிட். டிஃபைப் படிக்கும்போது அடைப்புக்குறிகளைப் பாருங்கள்: `(அ ஆர் ஆ) == ஃபால்ஸ்` என்பது `நாட் (அ ஆர் ஆ)` ஆக வேண்டும். கையால் திருத்துகிறவர்கள் அடைப்பைத் தொலைத்துவிட்டு `நாட் அ ஆர் ஆ` என்று எழுதிவிடுவதுண்டு. பொருள் முற்றிலும் வேறு.

## 9. விலக்கு தரும் முறை

விதிவிலக்கு இல்லாமல் எந்தப் பழைய நிரலும் முடியாது. தர வேண்டிய முறை மட்டும் முக்கியம்.

வரிக்கு விலக்கு தரும்போது `நோக்யூஏ: ஈ712` என்று எண்ணோடு எழுதுங்கள். எண் இல்லாத வெறும் `நோக்யூஏ` அந்த வரியில் வரும் எல்லா எச்சரிக்கைகளையும் விழுங்கிவிடும். நாளை அதே வரியில் வரையறுக்காத மாறி ஒன்று வந்தாலும் லின்டர் வாய் திறக்காது. பக்கத்தில் காரணத்தையும் இரண்டு சொல்லில் எழுதுங்கள்: “நெடுவரிசை வெளிப்பாடு” என்றால் போதும்.

ஒரு கோப்புறை முழுக்க வினவல்கள் என்றால் வரிவரியாக எழுதுவது அலங்கோலம். கட்டமைப்பில் `பெர்-ஃபைல்-இக்னோர்ஸ்` பகுதியில் அந்தக் கோப்புறைக்கு ஈ712-ஐ விலக்குங்கள். மொத்தத் திட்டத்துக்கும் அணைத்துவிடாதீர்கள். “எஸ்கியூஎல்-ஆல்கமி வைத்திருக்கிறோம், அதனால் ஈ712 வேண்டாம்” என்று அணைத்த திட்டங்கள் நிறைய. அங்கேதான் சூழல் மாறிப் பிழைகள் ஒளிந்திருக்கும்.

தேவை தீர்ந்த விலக்குகளைக் கண்டுபிடிக்க ரஃபில் ஆர்யூஎஃப்100 விதி இருக்கிறது. இதையும் இயக்கி வையுங்கள்.

## 10. இப்போதுதான் தடை

எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தபின் சிஐ-யில் விதியைக் கட்டாயமாக்குங்கள். முன்பே கட்டாயமாக்கினால் சம்பந்தமில்லாத வேலைக்கு வந்தவர், தன் கமிட் நகர வேண்டுமே என்று கண்ணை மூடிக்கொண்டு `நோக்யூஏ` தெளித்துவிட்டுப் போவார்.

கமிட் ஆகும் முன் தானாக ஓடும் ப்ரீ-கமிட் கொக்கியும் சிஐ-யும் இரண்டும் வேண்டும். கொக்கி அந்தக் கமிட்டில் சேர்த்த கோப்புகளை மட்டும் பார்க்கும். யாரும் கொக்கியைத் தாண்டியும் போகலாம். சிஐ முழுதையும் பார்க்கும். இரண்டிலும் ஒரே பதிப்பு எண் இருக்கட்டும். கொக்கியில் தானியங்கித் திருத்தம் வைத்தால் லின்டர் முதலில், ஃபார்மேட்டர் அடுத்து என்ற வரிசையில் வையுங்கள். திருத்தம் கலைத்துப்போட்ட இடைவெளியை ஃபார்மேட்டர் ஒழுங்குபடுத்தட்டும். ஈ712-க்கு மட்டும் கொக்கியில் திருத்தம் வைக்காமல் எச்சரிக்கையோடு நிறுத்துவதே என் வழக்கம்.

மொத்தமாகத் திருத்திய கமிட்டுகளின் அடையாள எண்களை `.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்` கோப்பில் எழுதி வையுங்கள். கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு. இல்லாவிட்டால் பிளேம் (ஒரு வரியைக் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கட்டளை) பார்க்கும் எல்லாரும் உங்கள் பெயரில்தான் வந்து நிற்பார்கள்.

## 11. மற்ற மொழிகளில்

வரிசை இதுவேதான், பொறிகள் மட்டும் இடம் மாறுகின்றன.

ரஸ்ட், கோ: இரண்டிலும் நிபந்தனைக்குள் பூலியன் தவிர வேறு வகை நுழையாது. க்ளிப்பியின் `பூல்_கம்பாரிசன்`, ஸ்டாட்டிக்செக்கின் எஸ்1002 இரண்டையும் கவலையின்றி இயக்கலாம்.

டைப்ஸ்கிரிப்ட்: டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லின்ட்டின் `நோ-அன்னெசசரி-பூலியன்-லிட்டரல்-கம்பேர்` வகைத் தகவலைப் பார்த்தே முடிவெடுக்கிறது. அதற்கு `ஸ்ட்ரிக்ட்-நல்-செக்ஸ்` இயங்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த மதிப்பு காலியாக வரலாம் என்றே அதற்குத் தெரியாது. வெறும் ஜாவாஸ்கிரிப்டில் `== ட்ரூ` இன்னும் வழுக்கும்: வெற்று அணி `== ஃபால்ஸ்` என்றால் ஆம், அதே அணி `இஃப்` நிபந்தனையில் உண்மை. முதலில் `ஈக்யூஈக்யூஈக்யூ` விதியை இயக்கி `===` பக்கம் வந்துவிடுங்கள், பிறகு மற்றது.

ஜாவா: செக்ஸ்டைலில் `சிம்ப்ளிஃபை-பூலியன்-எக்ஸ்பிரஷன்`. இங்கே விதிக்கு வலுவான காரணம் உண்டு: `இஃப் (கொடி = ட்ரூ)` என்று ஒரு சமக்குறியை விட்டுவிட்டாலும் கம்பைல் ஆகிவிடும், எப்போதும் உண்மையாகும். கொடி பெரிய எழுத்து `பூலியன்` வகையாக இருந்து நல் வந்தால், `== ட்ரூ` இருந்தாலும் இல்லாவிட்டாலும் நல்-பாயின்டர் விழும். அங்கே `பூலியன்.ட்ரூ.ஈக்வல்ஸ்(கொடி)` என்று எழுதுங்கள்.

காட்லின், ஸ்விஃப்ட், சி ஷார்ப்: காலியாகவும் வரக்கூடிய பூலியனை நேராக `இஃப்` நிபந்தனையில் வைக்க முடியாது; `== ட்ரூ` அங்கே தேவையான எழுத்து. வகை பார்க்காத விதியை இங்கே வைக்காதீர்கள்.

சி: `இஸ்ஆல்ஃபா(எழுத்து) == ட்ரூ` என்பது நடைப் பிழை மட்டுமில்லை, நிஜப் பிழை. அந்தச் செயற்கூறு பூஜ்யமல்லாத எதையும் தரலாம், 1 தான் தர வேண்டும் என்றில்லை. கிளாங்-டைடியின் `ரீடபிலிட்டி-சிம்ப்ளிஃபை-பூலியன்-எக்ஸ்ப்ர்` மொழியின் பூலியன் மாறிலிகளைத்தான் பார்க்கும். மேக்ரோவாக வரையறுத்த பழைய ட்ரூவைத் தனியே தேடிப் பிடிக்க வேண்டும்.

## 12. சொந்தமாக ஒரு சோதனை எழுத வேண்டி வந்தால்

உங்கள் நிறுவனத்தின் மாதிரி வகுப்புகளை அடையாளம் கண்டு விட்டுவிடும் சோதனை போன்ற தேவைகளுக்கு, நிரலை மர வடிவில் பிரித்துத் தரும் பைத்தானின் `ஏஎஸ்டி` தொகுதி போதும். கோப்பைப் பாகுபடுத்தி, ஒவ்வொரு `கம்பேர்` கணுவிலும் குறி `ஈக்யூ` அல்லது `நாட்-ஈக்யூ` தானா, இரு பக்கத்தில் ஒன்று பூலியன் மாறிலியா என்று பாருங்கள். வெறும் எழுத்துத் தேடலில் இறங்காதீர்கள்; ஆவணச் சரத்துக்குள் இருக்கும் `== ட்ரூ`வையும் அது பிடித்துக்கொண்டு வரும்.

எழுதுகிறவர்கள் ஏறத்தாழ எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. மாறிலியின் மதிப்பு `(ட்ரூ, ஃபால்ஸ்)` தொகுப்பில் இருக்கிறதா என்று `இன்` கொண்டு சோதிப்பார்கள். 1 ட்ரூவுக்குச் சமம், 0 ஃபால்ஸுக்குச் சமம்; ஆகவே `எண்ணிக்கை == 0` என்ற சாதாரண வரிகள் எல்லாம் குற்றப்பட்டியலில் வந்து விழும். இங்கே `மதிப்பு இஸ் ட்ரூ ஆர் மதிப்பு இஸ் ஃபால்ஸ்` என்றே எழுத வேண்டும்.

`கம்பேர்` கணுவில் குறிகள் ஒரு பட்டியலாக இருக்கும். ஒன்றுக்கு மேல் இருந்தால் அது சங்கிலி. எச்சரிக்கை மட்டும் கொடுங்கள், திருத்தம் தராதீர்கள்.

திருத்தமும் எழுதப்போகிறீர்கள் என்றால் `ஏஎஸ்டி.அன்பார்ஸ்` மூலம் கோப்பைத் திருப்பி எழுதாதீர்கள். கருத்துரைகள் அத்தனையும் போய்விடும். லிப்சிஎஸ்டி போன்ற, இடைவெளியையும் கருத்துரையையும் காக்கும் நூலகத்தை எடுங்கள்.

சோதனைக்கே டெஸ்ட் எழுதுங்கள். பிடிக்க வேண்டியவற்றைவிடப் பிடிக்கக் கூடாதவற்றுக்கு அதிகம் எழுதுங்கள்: `எக்ஸ் == 1`, `எக்ஸ் == 'ட்ரூ'`, `ஃபங்ஷன்(கொடி=ட்ரூ)`, ஆவணச் சரம்.

தமிழ்ச் சரங்கள் உள்ள நிரலில் இன்னொரு டெஸ்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணுவின் `கால்_ஆஃப்செட்` தருவது எழுத்து எண்ணிக்கை அல்ல, யூடிஎஃப்-8 பைட் எண்ணிக்கை. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். ஒப்பீட்டுக்கு முன்னால் அதே வரியில் தமிழ்ச் சரம் இருந்தால், எச்சரிக்கை காட்டும் இடம் வலப்பக்கம் வெகுதூரம் தள்ளிப் போய்விடும். வரியை யூடிஎஃப்-8 பைட்டுகளாக்கி, அந்த எண்வரை வெட்டி, மீண்டும் சரமாக்கி நீளம் எடுங்கள். எடிட்டருக்கு எல்எஸ்பி (எடிட்டரும் மொழிக் கருவியும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) வழியாக அனுப்புவதென்றால் அதன் இயல்பான கணக்கு யூடிஎஃப்-16. அதற்கேற்ப மாற்றிக் கொடுங்கள்.